‘அம்மா வந்தான்!’: வடசென்னை வகுப்பறைகளில் வடக்கத்திப் பிள்ளைகள்

சென்ட்ரலிலிருந்து கூடூர் வழியாக வடக்கே போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸும் ஹவுரா மெயிலும் வடசென்னைத் திருவொற்றியூரின் விம்கோ நகரைத் தாண்டித்தான் போகின்றன. இரண்டும் அங்கே நிற்பதில்லை. நிற்பது கும்மிடிப்பூண்டி போகும் யூனிட் வண்டிதான். ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அந்த எக்ஸ்பிரஸ்களில் வருகிறவர்கள் தாங்கள் குடியேறப்போகும் ஊரைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோய், சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு மறுபடியும் யூனிட் பிடித்து இங்கே வந்து சேர்கிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு அதிலும் வருகிறார்கள்.

முதலில் ஆண் மட்டும் வருவார். எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு ரூம். யாராவது ஒருவர் சமையல், மற்றவர்கள் ஷிப்ட். இரண்டு மூன்று வருடம் கழித்து மேஸ்திரி நம்பகமானவர், வேலை நிற்காது என்று தெரிந்ததும் மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள். தனி போர்ஷன் எடுக்கிறார்கள். அன்றைக்குத்தான் இந்தக் கதை தொடங்குகிறது. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்துக் கன்டெய்னர் யார்டு, மணலி பக்கத்துப் பட்டறை, கட்டட வேலை, ஹோட்டல் என்று அப்பாவுக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு?

தமிழ்நாட்டில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று தொழிலாளர் துறை 2016 வாக்கில் எடுத்த கணக்கு சுமார் 10.67 லட்சம் என்றது. பத்தாண்டு பழைய கணக்கு. இன்றைக்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். அது வேலை செய்கிறவர்களின் கணக்கு. தொழிற்சாலை வாசலில் நின்று எண்ணினால் தொழிலாளிதான் தென்படுவார், அவர் மகள் தென்பட மாட்டாள். பிள்ளைகளைக் கணக்கெடுப்பது பள்ளிக் கல்வித் துறையின் வேலை. துறையும் அண்மை ஆண்டுகளில் அதைக் கையில் எடுத்திருக்கிறது; ‘தமிழ் மொழி கற்போம்’ என்று ஒரு திட்டமும் வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாராவது நினைத்தால், அங்கேதான் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது.

முதலில் ஒரு பொதுப் பேச்சைச் சரிசெய்துவிடலாம். வடசென்னையில் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்: இந்திக்காரங்க. உண்மையில் ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பேரின் வீட்டு மொழியும் வேறாக இருக்கலாம். பீகார்ப் பிள்ளை வீட்டில் பேசுவது போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ. பாலசோர்ப் பிள்ளைக்கு ஒடியா. முர்ஷிதாபாத் பிள்ளைக்கு வங்காளம். ஜார்கண்டின் சந்தாலிப் பிள்ளையின் நிலைமை இன்னும் சிக்கலானது. சந்தாலி 2003இல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்த மொழி. ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி என்ற தனி எழுத்தும் அதற்கு உண்டு. ஆனாலும் சந்தாலிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே இந்தியிலோ வங்காளத்திலோதான் படித்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை திருவொற்றியூருக்கு வரும்போது தமிழ் அதற்கு இரண்டாம் அந்நிய மொழி. ஒரு முறை வகுப்பில் வாயடைத்துப்போன பிள்ளைக்கு மறுபடியும் அதே கதி. இங்கே ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு ஓரிரண்டு வார்த்தை இந்தியில் பேசிப் பார்த்தாலும், அதுவும் அதற்குக் கடன் மொழிதான்.

ஒன்றாம் வகுப்பில் ஒன்பது வயது

ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். கற்பனைப் பிள்ளைதான், ஆனால் இந்தப் பகுதியில் எந்தத் தலைமையாசிரியரும் அடையாளம் கண்டுகொள்வார். ஒன்பது வயது. ஊரில் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான். பெருக்கல், வகுத்தல் வரும். தேவநாகரியில் கதை படிப்பான். செப்டம்பர் மாதம் ஒரு நாள் அப்பா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவனைப் பள்ளிக்குக் கூட்டிவருகிறார். டி.சி. இல்லை. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருக்கிறது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதான் பிறந்தநாள்.

இந்த இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. டி.சி. வரத் தாமதமானாலும் மறுக்க முடியாது. பள்ளி திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதும் காரணமாகாது. நான்காம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை.

நடப்பது என்ன? தமிழ் எழுத்துத் தெரியாதா, ஒன்றாம் வகுப்பில் உட்காரட்டும். இதைச் சொல்லும் ஆசிரியர் கெட்டவர் இல்லை. அ, ஆ சொல்லித்தரும் இடம் அதுதானே என்று நினைக்கிறார். பதிவேட்டில் நான்காம் வகுப்பு என்று எழுதிவிட்டு ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரவைக்கும் பள்ளிகளும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மூன்று வருடப் படிப்பு ஒரே நாளில் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்பதும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. ஆறு வயதுக் குழந்தைகளின் நடுவே கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பையன் எத்தனை நாள் வருவான் என்று நினைக்கிறீர்கள்? அவன் வயதுப் பையன் ஒருவன் டீக்கடையில் கிளாஸ் கழுவிச் சம்பாதிக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்த நாளோடு சரி.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தரும் முறையைக் கொண்டுவந்தது. எனக்குத் தெரிந்தவரை புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் நம்மிடம் இல்லை. வயதுக்கேற்ற வகுப்பிலேயே உட்காரலாம். தமிழில் மட்டும் அரும்பு. கணக்கில் அவன் மலராகக்கூட இருக்கலாம். ஆனால் கணக்கு நிலையைச் சோதிக்கும் தாளும் தமிழில்தான் இருக்கிறது. “கடையில் 48 மாம்பழங்கள் இருந்தன” என்று தொடங்கும் கேள்வியில் 48 மட்டும்தான் அவனுக்குப் புரியும்.

பம்பரத்தில் இரண்டு ப

தமிழ் எழுத்தில் இந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். நமக்கு உயிர்மெய் மலைபோல் தெரிகிறது. அவர்களுக்கு அது பழக்கமான சங்கதி, தேவநாகரியும் ஒடியாவும் வங்காளமும் அதே பிராமிக் குடும்பம்தான். தடுக்குவது வேறிடத்தில். அவர்கள் எழுத்தில் க-வுக்கு நான்கு உண்டு, ப-வுக்கு நான்கு உண்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒலி. நம்மிடம் ஒரே ப. ‘பம்பரம்’ என்று எழுதிக் காட்டினால் முதல் ப ஓர் ஒலி, இரண்டாவது ப வேறு ஒலி. எப்போது எப்படிப் படிப்பது என்று நாம் யாரும் விதி படித்துக் கற்கவில்லை, காதால் கற்றோம். அவனுக்கு அந்தக் காது இன்னும் வரவில்லை. இரண்டே நாளில் சொல்லித்தந்துவிடக்கூடிய விதிதான்; சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

வங்காளப் பிள்ளை ‘வீடு’ என்பதைப் பீடியில் வரும் பீ போட்டுத்தான் சொல்லும். அதன் மொழியில் வ இல்லை, எல்லாம் ப-வின் குடும்பம். ஒடியாப் பிள்ளைக்கு ள எளிதாக வரும், ஒடியாவில் அந்த ஒலி இருக்கிறது. இந்திப் பிள்ளைக்கு வராது. ழ யாருக்கும் வராது. (வடசென்னைப் பிள்ளைகளுக்கும்தான் வராது என்று யாராவது நினைத்தால் நான் மறுக்கவில்லை.)

பெரிய சிரிப்பு எழுவது வேறோர் இடத்தில். ஒடியாவிலும் வங்காளத்திலும் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது, வினைச்சொல்லும் ஆண் பெண் பார்க்காது. அதனால் வந்து இரண்டு மாதமான பிள்ளை “மிஸ், எங்கம்மா வந்தான்” என்று சொல்லிவிடும். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். இந்தி பேசும் பிள்ளைக்குத் தொல்லை எதிர்த்திசையில்: அவன் மொழியில் கதவு ஆண், நாற்காலி பெண். ‘அது’ என்று ஒன்று இருப்பதே அவனுக்குப் புதிது. இரண்டு பிழைகளுக்கும் பின்னால் ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. சிரிப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் மூன்று மாதம் இருந்துவிடும் என்பதுதான் கெடுதல். அதைப் பதிவேட்டில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று எழுதிவிடுவது அதைவிடக் கெடுதல்.

பிறகு ஒரு நாள் வாய் திறக்கும். திறந்தால் நிற்காது. அதைத் திறந்துவைப்பது வகுப்பறை இல்லை. தெரு, மைதானம், கிரிக்கெட், தண்ணீர் லாரி வரிசை. ஆறே மாதத்தில் “இன்னாடா சொல்ற”, “அவன் இஸ்துகினு போய்ட்டான் மிஸ்” என்று அச்சு அசல் திருவொற்றியூர்த் தமிழில் பேசுவான். ஆசிரியருக்கு அன்றைக்குத் தீபாவளி. பையனுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று முடிவாகிவிடும். தனிக் கவனம் நின்றுபோகும்.

இங்கேதான் பொறி. கனடாவின் மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். புதிய மொழியில் பேசிப் பழக ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் போதும். அதே மொழியில் பாடம் படித்து, யோசித்து, எழுதும் அளவுக்குச் சக மாணவர்களோடு சமமாக வருவதற்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம். கம்மின்ஸ் பார்த்தது ஆங்கிலம் கற்க வந்த குடியேறிப் பிள்ளைகளை. தமிழுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம். நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு கடலே கிடக்கிறது. ‘இஸ்துகினு’ தெரிந்த பிள்ளைக்குப் பாடநூலின் ‘இழுத்துக்கொண்டு’ தெரியாது. ‘கீது’ தெரிந்தவனுக்கு ‘இருக்கின்றது’ புது வார்த்தை. ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘நீராவிப்போக்கு’ வரும்போது அவன் ஐந்து வருடமாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்ததால் எந்த லாபமும் இல்லை. காசிமேட்டுக் குப்பத்துப் பிள்ளைக்கும் இதே கடல்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் படித்த அத்தை ஒருத்தியாவது இருப்பாள், சன் டிவி செய்தியாவது காதில் விழும். இவன் வீட்டுக்குப் போனால் போனில் ஓடுவது போஜ்புரிப் பாட்டு.

கணக்கு மட்டும் கைகொடுக்கும். இந்தியில் ஒன்று முதல் நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும்: 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 69 உன்ஹத்தர். தமிழில் இருபதும் ஒன்பதும் தெரிந்தால் இருபத்தொன்பது தானாக வந்துவிடும். தொண்ணூறில் மட்டும் கொஞ்சம் முழிப்பார்கள். எண்ணைத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளை மனக்கணக்கில் கையைத் தூக்கும். வகுப்பு முதல் முறையாக அவனைத் திரும்பிப் பார்க்கும். நல்ல ஆசிரியர்கள் இதைப் புரிந்துகொண்டு கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

டிக்கெட் கிடைத்த நாள்

சோற்றைப் பற்றிப் பேசாமல் இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேச முடியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. தாயும் தகப்பனும் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் வீட்டில் உப்புமாவும் கிச்சடியும் படிப்புக்கு முந்திய காரணம். மதியம் முட்டை. சத்துணவு ஆயாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடும் தமிழ்தான் பல பிள்ளைகளுக்கு முதல் தமிழ்.

பெண் பிள்ளையின் கணக்கு வேறு. பத்து வயது ஆகிவிட்டால் அவள் வீட்டின் இரண்டாவது அம்மா. ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள். இங்கே பூட்டிய போர்ஷனில் ஒன்றரை வயதுத் தம்பியை யார் பார்ப்பது? பக்கத்தில் அங்கன்வாடி இருந்து, அது தாயின் வேலை நேரம் வரை திறந்தும் இருந்தால் அக்கா பள்ளிக்கு வருவாள். இல்லாவிட்டால் எந்த விழிப்புணர்வுப் பேரணியும் அவளை வெளியே கொண்டுவராது.

இத்தனையும் தாண்டி ஒரு பிள்ளை நிலைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அப்புறம் ரயில். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் பீகாருக்குச் சட் பூஜை. வங்கத்துக்கு அதற்கு முன்பே துர்கா பூஜை. கோடையில் கல்யாண மாதம். டிக்கெட் கிடைத்த நாளில் கிளம்புகிறார்கள், கிடைக்கும் நாளில் திரும்புகிறார்கள். நம் பள்ளி ஜூனில் தொடங்குகிறது, பீகாரில் ஏப்ரலில், மேற்கு வங்கத்தில் ஜனவரியில். எந்த மாதம் மாறினாலும் ஏதோ ஒரு வகுப்பில் பாதி போய்விடும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது மூட்டை கட்டியவர்களில் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, வதந்தி என்று தெளிவாகிவிட்டது. ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாதம் அது.

ஊருக்குப் போன பிள்ளை வரவில்லை என்றால் பள்ளி அவன் பெயரைக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸின் பொதுத் தொகுப்பில் தள்ளிவிடும். தமிழ்நாட்டுக்குள் வேறு பள்ளியில் சேர்ந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாநிலம் தாண்டினால்? இப்போது ஒன்றிய அரசின் நிரந்தரக் கல்வி எண் இருக்கிறது. எண் கூடவே போகும். ஆனால் பிள்ளை இங்கே எதைக் கற்றான், அங்கே எதை விட்டான் என்ற குறிப்பு ஒன்றும் அதோடு போவதில்லை.

பர்மா நகரும் தாராவியும்

இதெல்லாம் வடசென்னைக்குப் புதிதா என்று கேட்டால், சிரிப்புத்தான் வரும். விம்கோ என்ற பெயரே வந்தேறி. ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி 1923இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை. இங்கிருந்து கொஞ்சம் வடக்கே, எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. 1962இல் பர்மாவில் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. 1969இல் பர்மா பஜார் வந்தது. பர்மியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இங்கே வந்து தமிழ்ப் பள்ளியில் உட்கார்ந்தார்கள். அந்தத் தலைமுறைக்குத் தாயகம் திரும்பியோர் என்று ஒரு பட்டமும் ஓர் அரசாணையும் இருந்தன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது கண்ணெரிச்சலோடு ஓடியவர்களில் பர்மா நகர்க்காரர்களும் உண்டு. இப்போது அவர்களை யாரும் வெளியூர்க்காரர் என்று சொல்வதில்லை. அறுபது வருடத்தில் ஆகியிருக்கிறது.

இந்த மண்ணிலேயே பிறந்தும் பள்ளிக்கு அந்நியராக இருப்பவர்களும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மொழி பூட்டு இல்லை, சாதிச் சான்றிதழ்தான் பூட்டு. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும். பாட்டன் பெயரில் பத்திரம் கேட்டால் சதுப்பு நிலத்தில் இறால் பிடித்தவன் எதைக் காட்டுவான்? உதவித்தொகை அதில் நிற்கிறது, விடுதி அதில் நிற்கிறது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை, ஆனால் அதே பெஞ்சில்தான் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வந்த பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு, பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஏற்கெனவே நடந்த ஒன்றைப் பாருங்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து ஆறு மாதம் சூளையில் இருந்துவிட்டு மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சூளை அருகிலேயே ஒடியா தெரிந்த ஆசிரியர்களை வைத்து, ஒடியாப் பாடநூல் தருவித்துப் பள்ளி நடத்தினார்கள். ஊருக்குத் திரும்பியதும் விட்ட இடத்தில் தொடரலாம். பருவத்துக்கு வந்து போகிறவர்களுக்கு அது சரியான யோசனை. விம்கோ நகர்க் குடும்பத்துக்கோ போவோமா இருப்போமா என்று அதற்கே தெரியாது. இருந்துவிட்டால் தமிழ் வேண்டும், போய்விட்டால் தாய்மொழி வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்கினால் எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி பிள்ளைக்குத்தான்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்னி’ இரண்டையும் கொடுத்தது. பள்ளி தொடங்கும் முன் தனி வகுப்பு, காலைச் சிற்றுண்டி, பிள்ளையின் மொழி தெரிந்த ஒரு கல்வித் தொண்டர். பாடம் பிள்ளையின் மொழியில் தொடங்கி மலையாளத்துக்கு வரும். 2020இல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் இளங்கலை வரலாறு-தொல்லியல் தேர்வில் முதலிடம் பிடித்தவர் பீகாரிலிருந்து கொச்சிக்கு வந்த தொழிலாளி ஒருவரின் மகள். அவர் ரோஷ்னியில் படித்தவர் இல்லை, அதற்கு முந்திய தலைமுறை. பிள்ளையிடம் குறை இல்லை என்பதற்கு மட்டும் அவரைச் சாட்சி வைக்கிறேன்.

நம்மவர்கள் வெளியே போனபோது என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குப் போனவர்கள் இந்தி தெரிந்துகொண்டு போகவில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. மராட்டிய மண்ணில் மராட்டிய வரிப்பணத்தில் தாராவித் தமிழ்ப் பிள்ளை அகரம் எழுதியது. நீண்ட காலம் அது ஏழாம் வகுப்போடு நின்றதால், எட்டாம் வகுப்பில் திடீரென்று வேறு மொழிக்குத் தாவ முடியாமல் எத்தனையோ பேர் படிப்பை விட்டார்கள் என்பதும் உண்மை. தாய்மொழி மட்டும் போதாது, ஊர்மொழிக்குப் பாலமும் வேண்டும் என்று தாராவி நமக்குச் சொல்லித்தந்திருக்கிறது. தீப்பெட்டி தந்த ஸ்வீடனோ 1977 முதல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே வீட்டு மொழியைக் கற்றுத்தருவதைக் கடமையாக வைத்திருக்கிறது.

இங்கே ஒரு முணுமுணுப்பு எழும். இந்தி தெரிந்த ஆளைப் பள்ளியில் வைத்தால் பின்வாசல் வழியாக இந்தி வந்துவிடாதா? 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மறக்காத ஊர் இது, மறக்கவும் வேண்டாம். ஆனால் திணிப்பு என்பது தமிழ்ப் பிள்ளையின் மேல் இன்னொரு மொழியை ஏற்றுவது. ஒடியாப் பிள்ளைக்கு ஒடியாவைக் காட்டித் தமிழைச் சொல்லித்தருவது அதற்கு நேர் எதிரானது. அதில் வளர்வது தமிழ்தான். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்பில் தாய்மொழி வழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350-ஏ பிரிவு. 1956 முதல் இருக்கிற பிரிவு. 2006இன் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியபோது தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். அவர்களுக்குப் பள்ளி இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் சந்தாலிக்காரருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் தன் பிள்ளைக்கு விலக்குக் கேட்கவும் இல்லை, தமிழ்தான் கேட்கிறார்.

ஆகக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இப்படி வந்த பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளித் தொகுப்புக்கு ஒருவராக, அந்தப் பிள்ளைகளின் மொழியும் தமிழும் தெரிந்த உதவியாளர் வேண்டும். இங்கேயே பத்தாம் வகுப்பு முடித்த வடக்கத்திப் பெண்களும், வருடக்கணக்காக இங்கே இருக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். ‘இல்லம் தேடிக் கல்வி’க்குத் தன்னார்வலர்களைத் திரட்டிய அரசுக்கு இவர்களைத் தேடத் தெரியாதா? கணக்கு நிலையைச் சோதிக்கும் முதல் தாள் பிள்ளையின் மொழியில் இருக்கட்டும். வயதுக்கேற்ற வகுப்பு என்பது பதிவேட்டில் மட்டும் இல்லாமல் பெஞ்சிலும் இருக்கட்டும். பேசத் தொடங்கியதும் கைவிடாமல் எட்டாம் வகுப்பு வரை தமிழுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கட்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்த்தால் மற்றதெல்லாம் வீண்.

விம்கோ நகரிலும் எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் போர்ஷனில் பகலில் ஒரு பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தால், அதன் அப்பாவிடம் சொல்லுங்கள்: டி.சி. வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் வேண்டாம், எந்த மாதமானாலும் பரவாயில்லை, பக்கத்து அரசுப் பள்ளியில் அவன் வயது வகுப்பில் சேர்த்தாக வேண்டும். முடிந்தால் கூடவே போய் எச்.எம்.-மைப் பாருங்கள். இடம் இல்லை என்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417.